கீரைக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாது

விசாரணைக்கு இன்னும் நாற்பத்தொரு மணி நேரம் இருந்தது. ஒரு தட்டு வெந்தயக்கீரை மட்டும் மற்ற ஐந்து தட்டுகளைவிட ஏன் உயரமாக வளர்ந்தது என்று இசக்கி அதற்குள் கண்டுபிடித்தாக வேண்டும். இல்லாவிட்டால் பதினாறு வயதுப் பெண் ஒருத்தியின் பெயருக்கு எதிரே ‘பொய்த் தரவு’ என்று ஏற்றிவிடுவார்கள். ஏற்றினால் ஏற்றியதுதான். அதன் பிறகு அவள் எந்த ஆய்வுக்கூடத்தின் வாசலையும் மிதிக்க முடியாது.

அந்தப் பெண் இசக்கியின் மேசைக்கு எதிரே கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பெயர் நிலோபர். குழாய் வேலை பார்க்கும் காதர் மைதீனின் மகள். அழுது முடித்து முகம் கழுவிக்கொண்டு வந்திருந்தாள்.

“அக்கா, நான் பொய் சொல்லுததா இருந்தா இதவிட ஒழுங்கா சொல்லிருப்பேன்” என்றாள். “முப்பத்தோரு நாள் வளந்த செடி நாப்பத்தேழு நாளா தண்ணி படாம கெடந்துச்சுன்னு எந்தக் கிறுக்காவது எழுதுமா?”

“எழுதாது” என்றாள் இசக்கி, திரையைப் பார்த்தபடி. ஆட்களின் முகத்தைப் பார்த்துப் பேசுவது அவளுக்கு வராது. அதனால்தான் எண்களோடு இருக்கும் சரிபார்ப்பாளர் வேலையைத் தேடிக்கொண்டாள்.

“அப்ப நம்பியண்ணன்ட்ட அதச் சொல்லுங்க.”

நம்பியண்ணன் ஆள் இல்லை. தரவு உண்மையா பொய்யா என்று பார்த்துச் சொல்லும் நிரல். அதன் பெயர் நம்பகம். கூட்டில் இருப்பவர்கள் அதற்கு ஓர் உறவுமுறை கொடுத்து வைத்திருந்தார்கள்.

கூடு என்பது கரிசல் காட்டின் நடுவே கண்ணாடியும் எஃகும் கொண்டு கட்டி, மூன்று வருடத்துக்கு மூடி முத்திரை வைத்த ஊர். உள்ளே முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். நாளைக்கு வேறு மண்ணில் போய்க் குடியேறப் போகிறவர்களுக்கு வேண்டிய பாடங்களை இன்றைக்கு இங்கேயே படித்து வைப்பது நோக்கம். வெளிக்காற்று உள்ளே வராது. விட்ட மூச்சையே இயந்திரமும் செடியும் சுத்தம் செய்து திருப்பித் தரும். ஆகவே ஒவ்வொருவருக்கும் ஒரு மூச்சுப் பங்கு உண்டு. சாப்பாட்டுக் கூடத்துச் சுவரில் பெரிய பலகை. அதில் எல்லார் பெயரும், எதிரே அவரவர் பங்கும் ஒளிரும். பெரியவர்களுக்கு ஒன்று. பிள்ளைகளுக்கு அதில் குறைவு. காய்ச்சல் கண்டால் ஒன்றேகால். யாருக்கு உடம்பு என்ன பாடு படுகிறது என்று சோற்றுத் தட்டோடு உட்கார்ந்த இடத்திலேயே ஊருக்குத் தெரிந்துவிடும். அந்தரங்கம் என்ற சொல்லைக் கூட்டில் யாரும் பயன்படுத்தி இசக்கி கேட்டதில்லை.

பொய்த் தரவுச் சட்டத்துக்கும் காரணம் இருந்தது. இதற்கு முன் கட்டிய முதல் கூட்டில், காற்றுமானியைப் போய்ப் பார்க்கச் சோம்பல்பட்ட ஒருவர் நேற்றைய எண்ணையே இன்றைக்கும் எழுதி வைத்தார். ஒன்பது பேர் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார்கள். அதன் பிறகு எண்ணைப் பொய்யாக எழுதுவது கொலைக்கு அடுத்த குற்றம் ஆயிற்று. பள்ளிக்கூடப் பிள்ளை எழுதினாலும் அதே கதிதான்.

“முதல்ல இருந்து சொல்லு” என்றாள் இசக்கி.

நிலோபரின் சோதனை எளியது. கூட்டின் காற்றில் கரியமில வாயு எப்போதும் அதிகம். தலை கனக்கும், கொட்டாவி வரும், எல்லாருக்கும் பழகிவிட்டது. அதற்கு நேர்மாறாக, அந்த வாயு மிகக் குறைவாக இருந்தால் கீரை எப்படி வளரும் என்று அவள் பார்க்க நினைத்தாள். பள்ளிக்கூடத்தின் கடைசியில் இருந்த சின்ன அறையைக் கேட்டு வாங்கி, காற்றை வடிகட்டி, தண்ணீர்த் தட்டுகள் ஆறில் வெந்தயம் போட்டாள். ஐம்பது நாள். தினமும் அளவை வாயால் சொன்னால் போதும். தட்டுக்குத் தட்டு ஒலிவாங்கி உண்டு. அது கேட்பதை நம்பகம் சுத்தமான எழுத்துத் தமிழாக்கி, அட்டவணையில் ஏற்றிவிடும்.

“பதினெட்டு நாள் வரைக்கும் ஆறும் ஒண்ணு போலத்தான் வந்துச்சு” என்றாள் நிலோபர். “அதுக்குப் பொறவு இந்த ஆறாம் தட்டு மட்டும் குதியாட்டம் போட ஆரம்பிச்சிட்டு. எனக்கே சந்தோசமாத்தான் இருந்துச்சு. எந்தப் புண்ணியவான் ஒனக்குச் சோறு போடுதான்னு கேட்டேன்.”

“இந்த நாப்பத்தேழு நாள்?”

“அதான் எனக்கும் வெளங்கல. முப்பத்தோராம் நாள் நான் சொன்னது, ‘தட்டு ஆறு, உயரம் பதிமூணு, வேர் முங்கியிருக்கு’. அவ்வளவுதான். தெனமும் அதேதான் சொல்வேன். வேர் முங்கியிருக்கு, வேர் முங்கியிருக்கு. கிளி மாதிரி.”

அட்டவணையில் அந்த வரி இருந்தது. அதற்கு அடுத்த வரியில், அதே தட்டு, அதே நாள்: ‘நீரில் மூழ்காத நிலை. 47 நாட்கள்.’

நம்பகத்தின் அறிக்கையை இசக்கி கீழே நகர்த்தினாள். இன்னொரு குற்றச்சாட்டும் இருந்தது. ‘ஆறாம் தட்டின் வளர்ச்சியில் வாரச் சுழற்சி தென்படுகிறது. ஏழு நாளுக்கு ஒருமுறை சரிவு. மனிதர் கற்பனையாக எழுதும் எண்களின் இயல்பு.’

“செடிய நேர்ல பாத்தாங்கல்ல?”

“பாத்தாங்க. அடுப்படித் தோட்டத்துல இருந்து வேற செடியக் கொண்டுவந்து மாத்தி வச்சிருக்கலாமாம்.” நிலோபர் மூக்கை உறிஞ்சினாள். “அக்கா, எங்க வாப்பா நேத்து சாப்பிடல. எதுவும் பேசவும் இல்ல. நீ பொய் எழுதினியான்னு ஒரு வார்த்தை கேட்டாக்கூட இல்லன்னு சொல்லிருப்பேன். கேக்கவே மாட்டேங்காவ.”

இசக்கிக்கு ஆறுதல் சொல்லத் தெரியவில்லை. மேசையிலிருந்த கடலைமிட்டாயை எடுத்து நீட்டினாள். நிலோபர் அதை வாங்கிக் காகிதத்தோடு சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனாள்.

இசக்கி தனியாக உட்கார்ந்து ஆறு தட்டுகளின் அன்றாட வளர்ச்சியையும் கோடுகளாக வரைந்தாள். ஐந்து கோடுகள் ஒன்றின்மேல் ஒன்று படுத்துக் கிடந்தன. ஆறாவது பத்தொன்பதாம் நாளிலிருந்து தலையைத் தூக்கியது. ஆனால் வாரத்தில் ஒரு நாள் சட்டென்று விழுந்து மற்ற ஐந்தோடு சேர்ந்துகொண்டது. மறுநாள் மறுபடி எழுந்தது. தேதிகளை வைத்துப் பார்த்தாள். விழுந்த நாளெல்லாம் ஞாயிற்றுக்கிழமை.

நம்பகம் சொன்னது சரிதான், இது மனிதச் சுழற்சி. ஆனால் எண்ணை எழுதியவரின் சுழற்சி என்று ஏன் எடுத்துக்கொள்ள வேண்டும்? நிலோபர் ஞாயிற்றுக்கிழமையும் விடாமல் வந்து அளந்திருக்கிறாள். வாப்பாவிடம் சாவி உண்டு. மற்றவர்களுக்குத்தான் அன்று பள்ளிக்கூடம் பூட்டு.

கீரைக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாது. யாரோ ஒருவருக்குத் தெரிந்திருக்கிறது.

மறுநாள் காலை, மணி அடிப்பதற்கு முன்பே இசக்கி அந்த அறைக்குப் போனாள். கதவைத் திறந்து உள்ளே கால் வைத்ததும் நெற்றியில் கட்டியிருந்த துணியை யாரோ அவிழ்த்துவிட்டதுபோல இருந்தது. இரண்டு வருடமாகத் தலைக்குள் இருந்த கனம் இறங்கியது. ஊரில் மழை பெய்து ஓய்ந்த மறுநாள் மூச்சு விடுவோமே, அப்படி ஒரு மூச்சு வந்தது.

ஆறாம் தட்டு மூலையில் இருந்தது. அதன் அருகே ஒரு முக்காலி. அதில் உட்கார்ந்து கையில் கொண்டுவந்த சிறு மானியைக் கீரையின் பக்கத்தில் வைத்தாள். சும்மா இருந்தாள். பதினைந்து நிமிடத்தில் மானியின் எண் மூன்று மடங்காகியிருந்தது. எதிர்ச்சுவரின் உச்சியில் அறையின் நிரந்தர மானி ஒன்று இருந்தது. அது அசையவே இல்லை. இந்த மூலைக்குக் காற்றாடியின் காற்று எட்டவில்லை. விட்ட மூச்சு விட்ட இடத்திலேயே தங்கி, பசியோடு கிடந்த கீரைக்குச் சோறாகியிருக்கிறது.

நிலோபர் விளையாட்டாகக் கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான். யாரோ ஒருவர் பத்தொன்பதாம் நாளிலிருந்து, ஞாயிறு தவிர தினமும், இங்கே உட்கார்ந்து மூச்சு விட்டிருக்கிறார்.

நிலோபர் தப்பித்தாள் என்று எழுந்தவளுக்கு இன்னொன்று உறைத்தது. நம்பகத்துக்கு ‘யாரோ ஒருவர்’ போதாது. சோதனையில் மாசு கலந்தது என்றால் அதன் மூலத்தைச் சொல்ல வேண்டும். மூலம் ஆள் என்றால் அந்த ஆளின் பெயர் வேண்டும். அந்த நாற்பத்தேழு நாளும் இன்னும் அப்படியேதான் நின்றது.

மூல ஒலியைக் கேட்கச் சரிபார்ப்பாளருக்கு உரிமை உண்டு. இசக்கி இதுவரை அந்த உரிமையைத் தொட்டதில்லை. அடுத்தவர் பேச்சைக் காதில் மாட்டிக்கொண்டு கேட்பது அவளுக்குக் கூச்சமாக இருந்தது. தன் அறைக்கு வந்து, தாழ் போட்டு, முப்பத்தோராம் நாளின் ஒலியைத் திறந்தாள். நிலோபரின் குரல் வந்தது. தட்டு ஆறு, உயரம் பதிமூணு, வேர் முங்கியிருக்கு. பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை. பிறகு கதவுச் சத்தம். முக்காலி நகரும் சத்தம். ஒரு பெண் குரல், மெதுவாக, தொலைபேசியில்.

“…ஆமாக்கா. நாப்பத்தேழு நாளாச்சு முழுகாம. இல்ல, டாக்டர்ட்ட போவல. போனா மறுநாளே பலகையில ஏறிரும். போன தடவ பட்டது போதும். மூணு மாசம் முடியட்டும். நீயும் யார்ட்டயும் மூச்சு விட்டுறாத.”

இசக்கி காதிலிருந்து கருவியைக் கழற்றினாள். முதலில் சிரிப்பு வந்தது. அடக்க முடியாத சிரிப்பு. நம்பகம் அந்தப் பேச்சில் செடிக்குச் சம்பந்தமில்லாததை எல்லாம் தள்ளிவிட்டு, ஒரு எண்ணும் ஒரு வினைச்சொல்லும் கிடைத்ததைப் பொறுக்கி, இலக்கணம் திருத்தி, கீரையின் கணக்கில் எழுதி வைத்திருந்தது. தலைமுழுகாமல் நாள் தள்ளிப் போனதை நீரில் மூழ்காத நிலை என்று எழுத அதனால்தான் முடியும். தெற்கத்திப் பெண்கள் வாய்க்குள் வைத்துப் பேசும் அந்தச் சொல்லை அதற்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.

சிரிப்பு நின்றது. குரல் யாருடையது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. உயிரியல் எடுக்கும் வடிவு டீச்சர்.

பள்ளி விட்ட பிறகு போனாள். வடிவு டீச்சர் கரும்பலகையை அழித்துக்கொண்டிருந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். கன்னம் ஒட்டியிருந்தது.

“வா இசக்கி. நிலோபர் விசயமாத்தான வந்த? நானும் ரெண்டு நாளா ஒன்னப் பாக்கணும்னு…” என்று நிறுத்தினாள்.

இசக்கி கோடுகள் வரைந்த கைப்பலகையை மேசைமேல் வைத்தாள். டீச்சர் அதைப் பார்த்தாள். பாடம் நடத்துகிறவள், கோட்டைப் படிக்கத் தெரியாதவள் அல்ல. ஞாயிற்றுக்கிழமைகளின்மேல் விரலை வைத்து ஒவ்வொன்றாக நகர்த்தினாள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“அந்த அறையில மட்டுந்தான் மூச்சு மூச்சா இருந்துச்சு” என்றாள். “மத்தியானம் சாப்பாட்டுக் கூடத்துல தாளிக்கிற வாடை வந்தாலே எனக்கு… அரை மணி நேரம் போய் உக்காருவேன். சாயங்காலம் ஒரு அரை மணி. காத்தாடி ஓடுதே, கலைஞ்சிரும்னு நெனச்சேன். படிச்சவ நெனைக்கிற நெனப்பா இது.”

“டீச்சர், நான் ஒலியையும் கேட்டுட்டேன்” என்றாள் இசக்கி. தரையைப் பார்த்துத்தான் சொன்னாள். “வேற வழி தெரியல. மன்னிச்சிருங்க. வேற யாருக்கும் தெரியாது.”

டீச்சர் எழுந்து கதவைச் சாத்தினாள். வெளியே பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடினார்கள்.

“போன வருசம் நீ பலகையப் பாத்திருப்ப. வடிவு, ஒண்ணேகால். காய்ச்சல் இல்ல, சளி இல்ல, அப்புறம் என்னன்னு ஊருக்கே தெரிஞ்சு போச்சு. அடுப்படி மாடத்தியக்கா கேசரி கிண்டினா. இவரு ஒவ்வொரு மேசைக்கும் கொண்டு போய்க் குடுத்தாரு. பத்து நாள் கழிச்சு ஒருநா காலையில, வடிவு, ஒண்ணு.” விரலால் காற்றில் எழுதிக் காட்டினாள். “எல்லாரும் பாத்தாங்க. ஒருத்தரும் ஒண்ணுங் கேக்கல. தட்டப் பாத்துச் சாப்ட்டாங்க. அந்த எண்ணுக்குக் கீழ உக்காந்து நானுஞ் சாப்ட்டேன். இந்தத் தடவ அவருக்கும் எங்க அக்காவுக்கும் மட்டுந்தான் தெரியும். இன்னும் பதினஞ்சு நாள் போயிட்டா மூணு மாசம் முடிஞ்சிரும். அதுவரைக்கும் யாரும் பாக்காம இருந்தாப் போதும்னு இருந்தேன்.”

இசக்கி தலையசைத்தாள்.

“பேரு சொல்லாம முடிக்க முடியாதா?”

“நம்பியண்ணன் ஏத்துக்க மாட்டாரு டீச்சர்.”

“முடியாது, என்ன.” டீச்சர் மறுபடி கோட்டைப் பார்த்தாள். திடீரென்று குனிந்து கிட்டத்தில் பார்த்தாள். “இசக்கி, இது வாரத்துக்கு வாரம் கூடிக்கிட்டே போவுதே.”

“ஆமா டீச்சர்.”

“நான் மணி அடிச்சுப் போவேன், மணி அடிச்சு வருவேன். ஒரு நிமிசம் கூடக் கெடையாது. அப்ப மூச்சுதான கூடிருக்கணும்?” குரல் தணிந்தது. “வயித்துல ஒண்ணு இருந்தா ஆரம்பத்துல இருந்தே மூச்சு ஆழமாப் போவும். வாரத்துக்கு வாரம் கூடும். நானே பாடம் நடத்திருக்கேன்.”

“இத வச்சு உறுதியா ஒண்ணுஞ் சொல்ல முடியாது டீச்சர். செடி பெருசானா இலையும் பெருசாவும், கூடத் திங்கும். டாக்டர்தான் சொல்லணும்.”

“தெரியும், தெரியும். நீ சரிபாக்குறவ, அப்படித்தான் சொல்லணும்.” டீச்சரின் முகம் அந்த ஒரு கோட்டைவிட்டு நகரவில்லை. “ஒவ்வொரு நாளும் காலையில முழிச்சா, இருக்கா போயிருச்சான்னு தெரியாம… யார்ட்டயும் கேக்கவும் முடியாது. இது பாட்டுக்கு மூலையில நின்னு என்னக் கணக்கெடுத்துக்கிட்டு இருந்திருக்கு, கழுத.”

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “எனக்கு ராத்திரி வரைக்கும் நேரங் குடு. யோசிச்சுச் சொல்லுதேன்.”

சொல்லவில்லை. இசக்கி அன்று படுக்கப் போகும்வரை தொலைபேசி வரவில்லை. அவளும் கூப்பிடவில்லை. அந்த வார்த்தையை ஒருவர் வாயிலிருந்து பிடுங்கக் கூடாது என்று அவளுக்குப் பட்டது. ஆனால் நிலோபர் சட்டைப் பையில் போட்டுக்கொண்ட கடலைமிட்டாயும் கண்ணுக்கு முன்னால் வந்தது.

காலையில் பல் தேய்க்கும்போது முடிவு செய்தாள். முக்காலியில் உட்கார்ந்தது நான்தான் என்று சொல்லிவிடலாம். தலைவலிக்குப் போய் உட்கார்ந்தேன். அந்த நாற்பத்தேழு, இயந்திரக் கோளாறு. மெய்யைக் காப்பாற்றும் வேலையில் இருந்துகொண்டு முதல் பொய். பிடிபட்டால் ‘பொய்த் தரவு’ தன் பெயருக்கு எதிரே ஏறும். ஆனாலும் வேறு வழி தோன்றவில்லை.

விசாரணை சாப்பாட்டுக் கூடத்தில் நடந்தது. எல்லாரும் வரலாம் என்பது விதி. எல்லாரும் வந்திருந்தார்கள். மூச்சுப் பலகையின் பாதியில் வெளியுலகக் குழுவினர் இருவர் தெரிந்தார்கள். தலைவர் ரோஹன், இளவயது, வடக்கே வளர்ந்து இங்கே வந்து தமிழ் கற்றவர். பக்கத்தில் பேராசிரியர் லூர்து மேரி, தலை நரைத்தவர். அவர்களுக்குக் கீழே, பேசுகிறவர் பேசப் பேச, நம்பகம் எழுத்தாக்கிக் காட்டிக்கொண்டிருந்தது. மீதிப் பாதியில் பெயர்களும் பங்குகளும் வழக்கம்போல ஒளிர்ந்தன. வடிவு, ஒன்று.

இசக்கி எழுந்து பேசினாள். முந்நூறு பேர் முன்னால் பேசுவது அவளுக்கு வாழ்நாளில் முதல்முறை. கோட்டைக் காட்டினாள். ஞாயிற்றுக்கிழமைகளைக் காட்டினாள். முக்காலியில் தான் உட்கார்ந்து அளந்ததைக் காட்டினாள். “கீரைக்கு ஞாயித்துக்கிழமை தெரியாது சார். அந்த மூலையில ஒரு ஆள் தினமும் உட்கார்ந்திருக்காங்க. நிலோபர் எண் எதையும் மாத்தல. பார்த்ததை அப்படியே சொல்லியிருக்கா.”

காதர் மைதீன் முதல் வரிசையில் மகளின் பக்கத்தில் இருந்தார். தலையைத் தூக்கி மகளைப் பார்த்தார்.

“சரியான விளக்கம்” என்றார் ரோஹன். “ஆனா அந்த ஆள் யார்?”

“அது… நான்…”

“இசக்கி, உக்காரு.”

வடிவு டீச்சர் எழுந்து நின்றிருந்தாள். வகுப்பில் அதட்டும் அதே குரல். இசக்கி தன்னையறியாமல் உட்கார்ந்துவிட்டாள்.

“அந்தப் பிள்ளை எனக்காகப் பொய் சொல்லப் பாக்குது. எழுதிராதீங்க” என்றாள் டீச்சர். “உக்காந்திருந்தது நான். நிலோபருக்கு அது தெரியாது.”

“எதுக்காக டீச்சர்?”

“ஒடம்புக்கு முடியாம.”

“பலகையில ஒண்ணும் இல்லையே. சரி, அதை விடுங்க. அந்த நாற்பத்தேழு நாள் பதிவு? அதுக்கு விளக்கம் இல்லாம நான் முடிக்க முடியாது.”

பின்வரிசையில் டீச்சரின் கணவர் சுடலைமுத்து, காற்றைச் சுத்தம் செய்யும் ஆலையின் சீருடையோடு, மெல்ல எழுந்து நின்றார். டீச்சர் அவரைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு நிலோபரைப் பார்த்தாள்.

“அதுவும் நான் பேசினதுதான். செடியப் பத்தி இல்ல. எங்க அக்காட்ட போன்ல சொன்னேன், நான் முழுகாம இருக்கேன்னு.”

திரையில் எழுத்து ஓடியது. ‘வடிவு: நான் நீரில் மூழ்காத நிலையில் இருக்கிறேன் என்று தமக்கையிடம் கூறினேன்.’

எல்லாரும் அதைப் படித்தார்கள். பிறகு அடுப்படி வாசலில் கரண்டியோடு நின்ற மாடத்தியக்கா, “அட சண்டாளப் பாவி, மூழ்காத நிலையாம்லா” என்றாள். கூடம் வெடித்துச் சிரித்தது. மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். நிலோபர் சிரித்து, சிரிப்பு அழுகையாகி, வாப்பாவின் தோளில் முகத்தைப் புதைத்தாள். அவர் மகளின் தலையில் கை வைத்துக்கொண்டார்.

ரோஹன் திரையையும் கூட்டத்தையும் மாறி மாறிப் பார்த்தார். “புரியல. டீச்சர் எதுக்குத் தண்ணியில மூழ்கணும்?”

மறுபடி சிரிப்பு. லூர்து மேரியும் சிரித்துவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ரோஹன், உங்க முன்னாலயே நம்பகம் அதே பிழையை இன்னொரு தடவ செஞ்சு காட்டிடுச்சு. இதைவிடச் சாட்சி வேண்டாம். நிலோபர், உன் மேல ஒண்ணும் இல்லம்மா. உன் எண்ணெல்லாம் உண்மை. அழாதே.” பிறகு குரல் மாறியது. “வடிவு டீச்சர், பதிவுக்காகத் தெளிவா ஒரு வார்த்தை வேணும்னா கேட்கலாம். ஆனா நீங்க சொல்லித்தான் ஆகணும்னு இல்ல. விருப்பம் இருந்தா மட்டும்.”

சிரிப்பு அடங்கியது. எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். இந்த முறை யாரும் தட்டைப் பார்க்கவில்லை.

டீச்சர் பலகையில் தன் பெயரை ஒருமுறை பார்த்தாள். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தாள். யாருடைய கணக்கிலிருந்தும் இல்லாததுபோல நிதானமாக விட்டாள். பிறகு, இயந்திரத்துக்கும் புரிய வேண்டும் என்று, ஆறாம் வகுப்புக்குச் சொல்வதெழுதுதல் போடுவதுபோலச் சொல் சொல்லாக நிறுத்தி, கூடத்தின் கடைசி மேசைவரை கேட்கும்படி சொன்னாள்:

“என் வயிற்றில் ஒரு பிள்ளை வளர்கிறது.”